சட்டைப்பைக்குள் ஒரு பட்டறை: விலை ஏறியும் வாங்கத் தகுமா?

உத்தமபாளையத்தில் மோட்டார் மெக்கானிக் ஒருவரின் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தால் என்ன இருக்கும்? ஒரு டெஸ்டர், கொஞ்சம் ஃபியூஸ் கம்பி, மடித்து வைத்த பில், செல்போன். ஜீப் ஓட்டுநரிடம் சாவிக்கொத்தில் தொங்கும் நகவெட்டி. அதிலேயே குட்டிக் கத்தியும் பாட்டில் மூடி திறக்கும் கொக்கியும் உண்டு. திராட்சைத் தோட்டக்காரர் இடுப்பில் கவாத்துக் கத்தரி. ஆக, கையடக்கக் கருவி இல்லாமல் இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் நடமாடுவதில்லை. ஆனால் கத்தி, கட்டிங் பிளேயர், திருப்புளி, ரம்பம், கத்தரி எல்லாவற்றையும் ஒன்றாக மடக்கி வைத்த 'மல்டிடூல்' என்ற சாமானை வைத்திருப்பவர்கள் ரொம்பக் குறைவு. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விலை!

இன்றைக்கு ஆன்லைன் கடைகளில் தேடினால், விரல் நீளமுள்ள குட்டி ஸ்விஸ் கத்தியே ஆயிரம் ரூபாயைத் தாண்டி நிற்கிறது. கட்டிங் பிளேயர் வைத்த அமெரிக்க லெதர்மேனின் முழு அளவு மாடல்கள் பத்தாயிரத்துக்கு மேல். "ஒரு கத்திக்கு பத்தாயிரமா? அந்தக் காசுக்கு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கிக் கட்டிரலாமே" என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கப் போகிறது.

இது புதுச் சரக்கா?

இல்லவே இல்லை. ஓலைச்சுவடி காலத்திலேயே தமிழர்களிடம் மல்டிடூல் இருந்தது. 'மடக்கெழுத்தாணி' என்று பெயர். ஒரு பக்கம் எழுதும் ஊசி, மறுபக்கம் ஓலையைச் சீவும் சிறு கத்தி, இரண்டும் கைப்பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். கிராமத்துப் பெரியவர்கள் அரைஞாண் கயிற்றில் கோத்து வைத்திருந்த முள்வாங்கியும் அப்படித்தான். முள் பிடுங்க ஒரு சாமணம், முள்ளை நிமிண்ட ஒரு ஊசி, காது குடைய ஒரு குறும்பி வாங்கி, மூன்றும் ஒரே வளையத்தில்.

ஐரோப்பாவில் இது பெரிய தொழிலானது ராணுவத்தால். 1889 மாடல் துப்பாக்கியைக் கழற்றி மாட்டவும் டின் உணவைத் திறக்கவும் ஒரே கத்தி வேண்டும் என்று ஸ்விஸ் ராணுவம் கேட்டது. முதல் கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கனில் இருந்துதான் வந்தன. "நம்ம ராணுவத்துக்கு நாமே செய்ய வேண்டாமா" என்று ஈபாக் ஊரில் பட்டறை வைத்திருந்த கார்ல் எல்சனர் 1891ல் களமிறங்கினார். சோலிங்கன் தொழிற்சாலைகளின் மலிவு விலைக்கு ஈடு கொடுக்க முடியாமல் கிட்டத்தட்ட திவாலாகும் நிலைக்குப் போனார். பிறகு 1897ல் அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்திதான் இன்றைய விக்டோரினாக்ஸின் தாய். மலிவு விலைப் போட்டி என்பது இந்தத் தொழிலுக்குப் பிறவியிலேயே ஒட்டிக்கொண்ட வியாதி என்பது இதிலிருந்து தெரியும்.

அமெரிக்கக் கதை வேறு மாதிரி. டிம் லெதர்மேன் என்ற இளைஞர் 1975ல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றினார். கார் மக்கர் செய்யும், மலிவு ஓட்டல்களில் குழாய் ஒழுகும். கையில் இருந்த பேனாக்கத்தியால் எதையும் பிடித்துத் திருக முடியவில்லை. கத்தியோடு ஒரு கட்டிங் பிளேயரும் இருந்தால் என்ன என்று யோசித்தார். ஊர் திரும்பி வருடக்கணக்கில் மாதிரி செய்தார், 1980ல் காப்புரிமை வாங்கினார். கத்திக் கம்பெனிகள் "இது டூல்" என்று திருப்பி அனுப்பின. டூல் கம்பெனிகள் "இது கத்தி" என்றன. கடைசியில் 1983ல் நண்பரோடு சேர்ந்து தானே கம்பெனி ஆரம்பித்தார். மீதி வரலாறு.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டுமே, கருவிப்பெட்டி பக்கத்தில் இல்லாதவனுக்காகப் பிறந்தவை. சிப்பாயும் வழிப்போக்கனும்தான் முதல் வாடிக்கையாளர்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

விலை ஏன் ஏறுகிறது?

முதல் காரணம் ரூபாய். 2006 வாக்கில் ஒரு ஸ்விஸ் பிராங்க் சுமார் 36 ரூபாய். 2025ல் அது 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. டாலர் 45ல் இருந்து 2025 இறுதியில் 90ஐத் தொட்டது. அங்கே விலை ஒரு பைசா கூடாவிட்டாலும் இங்கே பிராங்க் கணக்கில் கிட்டத்தட்ட மூன்று மடங்கும், டாலர் கணக்கில் இரண்டு மடங்கும் கூடிவிடும்.

இரண்டாவது, உற்பத்தி நடக்கும் இடம். விக்டோரினாக்ஸ் இன்னமும் ஸ்விட்சர்லாந்தில்தான் கத்தி செய்கிறது. லெதர்மேன் போர்ட்லேண்டில். உலகத்திலேயே கூலி அதிகமான நாடுகள். அங்கே சம்பளம் ஏறினால் விலையில் வந்துதான் விழும்.

மூன்றாவது, வரி. இறக்குமதி வரி ஒரு பக்கம். 2022 ஜூலையில் கத்திகள் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமானது. அமெரிக்கா 2018ல் இறக்குமதி இரும்புக்கு 25 சதவீத வரி போட்டது, 2025ல் அதை 50 ஆக்கியது. அதே 2025 ஆகஸ்டில் ஸ்விஸ் சரக்குகளுக்கு 39 சதவீதம் போட்டு, நவம்பரில் 15 சதவீதமாகக் குறைக்க ஒப்புக்கொண்டது. வாஷிங்டனில் ஒரு கையெழுத்து, ஈபாக்கில் ஒரு தலைவலி!

நான்காவது, ஆடம்பரம். முன்பு சாதாரண எவர்சில்வர் இரும்பில் செய்ததை இப்போது விலை உயர்ந்த புது ரக எஃகுகளில் செய்கிறார்கள். லெதர்மேன் 2024ல் கொண்டுவந்த 'ஆர்க்' மாடல் அமெரிக்காவிலேயே 230 டாலர் சுமார். கருவியாக இருந்தது மெல்ல சேகரிப்புப் பொருளாகி வருகிறது. வாங்குபவர்களில் ஒரு பகுதியினர் அதைக் கண்ணாடி அலமாரியில் வைப்பதற்குத்தான் வாங்குகிறார்கள். அலமாரிக்காரர் கொடுக்கத் தயாராக இருக்கும் விலையை வேலைக்காரரும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கூலி நாளில் ஒரு கணக்கு

விலையை ரூபாயில் மட்டும் அளந்தால் எல்லாமே ஏறித்தான் இருக்கும். தங்கம் 2025 டிசம்பரில் பவுன் ஒரு லட்சத்தைத் தாண்டியது. எனவே வேறு அளவுகோல் வேண்டும். 100 நாள் வேலைத் திட்டக் கூலியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அது 2006ல் ஒரு நாளைக்கு 80 ரூபாய். 2025-26ல் 336 ரூபாய். தோட்ட வேலைக்குக் கிடைக்கும் கூலி இதைவிட அதிகம். ஆனாலும் அரசு எழுதி வைத்த எண் என்பதால் ஒப்பிட வசதி.

ஒரு பேச்சுக்கு, 2006ல் 30 பிராங்க் விலையுள்ள ஒரு கத்தி. ரூபாயில் 1,080. கூலியில் பதின்மூன்றரை நாள். அதே கத்தி 2025லும் 30 பிராங்கிலேயே நின்றிருந்தால், பிராங்க் 105 ரூபாய் என்று வைத்து, 3,150 ரூபாய். கூலியில் ஒன்பதரை நாளுக்கும் கீழே! அங்கே விலை ஏறி 45 பிராங்க் ஆகியிருந்தால் 4,725 ரூபாய், அதாவது 14 நாள் கூலி.

என்ன புரிகிறது? ரூபாய் விலை நாலு மடங்குக்கு மேல் ஏறியதாகத் தெரிந்தாலும், உழைப்பில் அளந்தால் பெரிய மாற்றம் இல்லை. "அந்தக் காலத்துல சல்லிசா கெடச்சுச்சு" என்பது பெரும்பாலும் ஞாபகம் செய்யும் வேலை. அன்றைக்கும் அது சாமானியனுக்கு எட்டாத சாமான்தான். அன்றைக்கு எட்டாதது இன்றைக்கும் எட்டவில்லை என்பதுதான் சரியான வாக்கியம். ஒரு கூலித் தொழிலாளி அரை மாதச் சம்பாத்தியத்தை ஒரு கத்தியில் போடலாமா என்ற கேள்வி இருபது வருடமாக அப்படியே இருக்கிறது.

பள்ளத்தாக்கில் யாருக்கு என்ன வேலை?

இனி ஒவ்வொருவராகப் பார்க்கலாம்.

*திராட்சைத் தோட்டம்:* ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி பக்கமெல்லாம் பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை. 2023ல் புவிசார் குறியீடு கிடைத்த பயிர். இங்கே கவாத்து நாளில் ஒரு ஆள் காலை முதல் கொடி வெட்டுகிறார். அறுவடை நாளில் நூற்றுக்கணக்கான குலைகளை நறுக்குகிறார். மல்டிடூலில் இருக்கும் சுண்டுவிரல் நீளக் கத்தரியை வைத்து அந்த வேலை பார்த்தால் மதியத்துக்குள் விரல் கொப்பளித்துவிடும். சில நூறு ரூபாய் கவாத்துக் கத்தரி அந்த வேலைக்கு ராஜா. பந்தல் கம்பி இழுக்கவும் இது உதவாது. கனமான கம்பியை மடக்குக் கருவியின் சின்ன வாயில் வைத்து நெரித்தால் வெட்டும் விளிம்பில் பல் விழும்.

*மோட்டார் வேலை:* மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குள் தண்ணீர் பாய்ச்சியாக வேண்டும். ஸ்டார்ட்டர் மக்கர் செய்தால் பதற்றம்தான். அந்தப் பதற்றத்தில் மல்டிடூலை எடுத்து ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் விடுவது தற்கொலைக்குச் சமம். லெதர்மேன் வகைகளின் கைப்பிடி முழுக்க வெறும் உலோகம், மின்காப்பு உறை எதுவும் கிடையாது. உள்ளே இருப்பதோ 415 வோல்ட். முதலில் மெயினை இறக்க வேண்டும். பிறகு எடுக்க வேண்டியது உறை போட்ட கட்டிங் பிளேயர். முன்னூறு ரூபாய்ச் சுமாருக்குக் கிடைக்கிற டபாரியா பிளேயர் இந்த இடத்தில் பத்தாயிரம் ரூபாய் அமெரிக்கச் சரக்கை விட மேல். இது சிக்கனத்துக்காகச் சொல்வதில்லை, உயிருக்காக.

*தோட்ட ஜீப்:* விடியற்காலையில் கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்கள். மெட்டு ஏறும்போது வண்டி நின்றால், ஏறி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரின் அன்றைய கூலியும் கேள்விக்குறி. இங்கே கருவி கட்டாயம் வேண்டும். ஆனால் ஜீப்பில் சீட்டுக்கு அடியில் இடம் இருக்கிறதே! ஸ்பேனர் செட், பெரிய திருப்புளி, பிளேயர், கொஞ்சம் கம்பி, ஒரு டார்ச். மல்டிடூல் விலையில் கால்வாசிகூட ஆகாது. ஸ்பேனர் செய்யும் வேலையை எந்த மடக்குக் கருவியும் செய்யாது, போல்ட் தலையை வழுக்க வைப்பதுதான் மிச்சம்.

*சொட்டுநீர்ப் பாசனம், காவல், மேற்பார்வை:* இவர்கள்தான் ஆள். கையை வீசிக்கொண்டு ஏக்கர் கணக்கில் நடப்பவர்கள். இங்கே ஒரு குழாய் பிய்ந்திருக்கும், அங்கே ஒரு கிளாம்ப் தளர்ந்திருக்கும், இன்னொரு இடத்தில் சாக்கு தைத்த நூலை அறுக்க வேண்டும். மூன்றுக்கும் மூன்று தடவை மோட்டார் ரூமுக்கு நடந்தால் அரை நாள் போய்விடும். சட்டைப்பையில் ஒரு நல்ல மடக்குக் கருவி இருந்தால் அந்த நடை மிச்சம். மலைக்குப் போகிறவர்களுக்கும் அப்படியே.

இதிலிருந்து ஒரு எளிய விதி கிடைக்கிறது. நாள் முழுக்க ஒரே வேலை செய்பவருக்கு அந்த வேலைக்கான கருவிதான் லாபம். வண்டி வைத்திருப்பவருக்குக் கருவிப்பெட்டி லாபம். அடுத்து என்ன வேலை வரும் என்று தெரியாமல் நடந்தே போகிறவருக்குத்தான் மல்டிடூல். சிப்பாயும் வழிப்போக்கனும் என்று முன்னால் சொன்னது இதற்குத்தான்.

இருநூத்தம்பது ரூபாய்ச் சரக்கு

சித்திரை மாதம் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாக் கடைகள் போன்ற இடங்களில் நடக்கும் பேச்சு வார்த்தை இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, இது எம்புட்டு?"

"இருநூத்தம்பது தம்பி. பதினோரு அயிட்டம் இருக்கு."

"கேரண்டி உண்டாண்ணே?"

"கடை வாசலைத் தாண்டுற வரைக்கும் உண்டு!"

கடைக்காரர் பொய் சொல்லவில்லை பாருங்கள் :-)

இந்த வகைச் சரக்குகளில் நிறைய சீனாவில் இருந்து வருபவை. அங்கே குவாங்டாங் மாகாணத்தில் யாங்ஜியாங் என்று ஒரு ஊரே கத்திக்குப் பேர் போனது. அந்த ஊரில் உலகத் தரமான கத்தியும் செய்கிறார்கள், ஒரு வாரக் கத்தியும் செய்கிறார்கள். வாங்குபவர் கொடுக்கிற காசுக்கு ஏற்ற பலகாரம். எனவே "சீனா என்றாலே மட்டம்" என்பது தப்பு. 250 ரூபாய்க்கு விற்பதில் மூலப்பொருளுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்க முடியும் என்று யோசித்தாலே போதும்.

கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. விலை உயர்ந்த கத்தி விற்பவர்கள் "பத்து வருஷம் உழைக்கும், ஒரு நாளைக்கு ஒண்ணேகால் ரூபாய்தான்" என்பார்கள். 4,500 ரூபாயைப் பத்து வருடத்துக்குப் பிரித்தால் வருடம் 450. மலிவு கத்தி வருடத்துக்கு ஒன்று உடைந்தாலும் வருடம் 250தான்! ஆக, இந்தக் கணக்கில் மலிவுதான் ஜெயிக்கிறது. நாள் கணக்குப் போட்டு விலை உயர்ந்ததை நியாயப்படுத்த முடியாது.

நியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. மலிவு கருவி அலமாரியில் இருக்கும்போது உடைவதில்லை. கையில் அழுத்திப் பிடித்திருக்கும்போதுதான் உடையும். பூட்டு இல்லாத கத்தி விரல் மேலேயே மடங்கும். திருப்புளி முனை மழுங்கி ஸ்குரூவின் தலையைக் கெடுத்துவிட்டுப் போகும், பிறகு நல்ல திருப்புளியாலும் அதைக் கழற்ற முடியாது. ஒரு தையலுக்கு ஆகும் ஆஸ்பத்திரிச் செலவும் போகிற கூலியும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். சேர்த்தால் தராசு திரும்புகிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், நுனி இரண்டும் பொருந்த வேண்டும். கத்தியை விரித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆடக்கூடாது. பூட்டு இருந்தால் கைக்கு எட்டாத பக்கமாகப் பிடித்து முதுகில் தட்டிப் பாருங்கள், மடங்கக்கூடாது. எத்தனை அயிட்டம் என்று எண்ணுவது கடைசி வேலை.

கேரண்டி, சாணை, போலீஸ்

விக்டோரினாக்ஸ் கத்திகளுக்கு ஆயுள் உத்தரவாதம், லெதர்மேனுக்கு 25 வருடம். கேட்க இனிக்கிறது. ஆனால் அது தயாரிப்புக் குறைக்குத்தான், தேய்மானத்துக்கு இல்லை. உத்தமபாளையத்தில் இருந்து மதுரைக்கே நூறு கிலோமீட்டர். பழுதானால் பெருநகரத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு. தொலைந்து போனால் எந்த உத்தரவாதமும் இல்லை. கிணற்றில் விழுந்த கத்தியை யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

சாணை பிடிக்கும்போதும் கவனம் தேவை. சைக்கிளில் வரும் சாணைக்காரரின் வேகமான கல் அருவாளுக்குச் சரி. மெல்லிய மடக்குக் கத்தியை அதில் ரொம்ப நேரம் வைத்தால் விளிம்பு சூடேறிப் பதம் போய்விடும். எண்ணெய்க் கல்லில் வீட்டிலேயே மெதுவாகத் தீட்டுவது நல்லது.

இன்னொரு பயம் சட்டம். ஆயுதச் சட்ட விதிகளில் சொல்லப்படும் கத்தி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளது. வீட்டு உபயோகம், விவசாயத்துக்கானவை அதில் சேராது. சட்டைப்பைக் கத்தி அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது, கோர்ட் வாசலிலும் நிறுத்துவார்கள். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு விமான நிலையக் கடைகளின் விற்பனை படுத்து விக்டோரினாக்ஸே ஆட்டம் கண்டது. அப்போதும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் சமாளித்தது பாராட்ட வேண்டிய விஷயம். 2024ல் கத்தியே இல்லாத கருவி ஒன்றைச் செய்து பார்ப்பதாகவும் அறிவித்தது.

முடிவாக...

வாங்கத் தகுமா என்றால், எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை.

1. விவசாயக் கூலி, எலக்ட்ரீஷியன், ஜீப் ஓட்டுநர்: வேண்டாம். அந்தந்த வேலைக்கான நல்ல கருவியை வாங்குங்கள். மிச்சக் காசு குடும்பத்துக்கு.

2. தோட்டம் சுற்றுபவர், மலை ஏறுபவர்: வாங்கலாம். ஆனால் முப்பது அயிட்டம் உள்ளது வேண்டாம். கத்தி, திருப்புளி, கத்தரி, டின் திறப்பான் இருக்கும் சின்ன மாடல் போதும். விலை ஏற்றம் கடுமையாகத் தெரிவது பெரிய மாடல்களில்தான். மீதி அயிட்டங்களில் பாதியை வருடத்துக்கு ஒரு தடவைகூடத் திறக்க மாட்டீர்கள்.

3. கல்லூரி மாணவர்கள்: ஹாஸ்டலில் பூட்டு உடைக்கவும் மாம்பழம் வெட்டவும் நாலாயிரம் ரூபாய் செலவழிக்க வேண்டாமே! ஐம்பது ரூபாய்ப் பேனாக்கத்தியும் ஒரு திருப்புளியும் போதும்.

4. ஆசைக்கு வாங்குபவர்: தாராளமாக வாங்குங்கள். ஆசைக்கு விலை பார்க்க முடியாது. ஆனால் "ரொம்ப உபயோகமான சாமான்" என்று வீட்டில் சொல்லி வாங்காதீர்கள். ஆறு மாதம் கழித்து "எங்கே அந்தக் கத்தி, இந்தத் தேங்காயை உரி" என்று கேட்பார்கள்.

விலை இனியும் ஏறும். பிராங்க் இறங்கும் என்றோ வரி குறையும் என்றோ காத்திருப்பதில் பலன் இல்லை. போன மாதத்தில் எத்தனை தடவை ஒரு கருவி கையில் இல்லாமல் திரும்ப நடந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண் பத்துக்கு மேல் என்றால் இன்றைய விலையிலும் அது மலிவு. பூஜ்யம் என்றால் இருநூத்தம்பது ரூபாயும் தண்டம்.